அவசரத்தில் குழந்தைக்கு மயக்க மருந்து: பெற்றோரிடம் சம்மதம் எப்படிக் கேட்க வேண்டும்?

இரவுப்பணி (இழையைத் தொடங்கியவர்)

குழந்தைகள் அவசரப் பிரிவில் மருத்துவராக இருக்கிறேன். உடைந்த எலும்பை நேராக்க, ஆழமான வெட்டுக்குத் தையல் போட, சீழ்க்கட்டியைக் கீறிவிட, முதுகுத் தண்டில் நீர் எடுக்க என்று சின்னப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கும் வேலை எங்களுக்கு அன்றாடம் உண்டு. அதற்கு முன் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அது பல இடங்களில் எப்படி வாங்கப்படுகிறது என்பதைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

மருந்தை சிரிஞ்சில் ஏற்றியாயிற்று. மானிட்டர் ஒயர்கள் மாட்டியாயிற்று. அப்போதுதான் அட்டையில் செருகிய தாள் ஒன்று அம்மாவிடம் நீட்டப்படுகிறது. அவர் ஒரு கையால் அலறும் பிள்ளையை அணைத்துக்கொண்டு, மறு கையால், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறார். படிக்க வேண்டும் என்று அவர் நினைத்தாலும் அந்த நிலையில் நாலு வரி தாண்ட முடியாது. இதைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

"அவசரம், நேரமில்லை" என்பதுதான் எப்போதும் சொல்லப்படும் காரணம். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க முடியாத நிலைமைகள் உண்டு, மறுக்கவில்லை. மூச்சுக்குழாய் அடைபடுகிறது, அல்லது எலும்பு விலகி ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கை வெளுத்துக் குளிர்ந்துவிட்டது என்றால், கையெழுத்துக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். காத்திருக்கவும் கூடாது. பெரும்பாலான நாடுகளின் சட்டமும் அதை அனுமதிக்கிறது. ஆனால் மயக்க மருந்து கொடுக்கும் பிள்ளைகளில் அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம்தான். மற்றவர்களுக்கு நேரம் இருக்கிறது. எக்ஸ்ரே எடுக்கக் காத்திருக்கிறார்கள். வெட்டுக்காயத்தின் மேல் தடவும் மரப்பு ஜெல் வேலை செய்யவே 20 முதல் 30 நிமிடம் ஆகிறது. பெற்றோரிடம் உட்கார்ந்து பேசுவதற்கான நேரம் அதுதான்.

என் கருத்து இது: முதலில் வலியைக் குறைக்க வேண்டும், பிறகு பேச வேண்டும், தாள் கடைசியில் வரட்டும். மூக்கில் பீய்ச்சும் ஃபென்டானில் என்ற வலி மருந்துக்கு ஊசி தேவையில்லை, சில நிமிடங்களில் வலி தணியும். பிள்ளை அழுகையை நிறுத்திய பிறகு பெற்றோரின் முகமே மாறிவிடும். காதும் அப்போதுதான் திறக்கும்.

இதை அனுபவித்த பெற்றோர்கள் சொல்லுங்கள்: அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தீர்கள்? சக ஊழியர்களும் சொல்லுங்கள்.

---

இரட்டையர் அம்மா

கண் மூடாது என்று யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

என் மகளுக்கு முன்கை எலும்பு முறிந்து, கேட்டமின் என்ற மயக்க மருந்து கொடுத்துத்தான் நேராக்கினார்கள். மயக்கம் என்றால் கண் மூடித் தூங்குவாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மருந்து ஏறிய கொஞ்ச நேரத்தில் அவள் பார்வை ஒரே இடத்தில் நிலைத்தது. கண் திறந்தே இருந்தது, கருவிழி மட்டும் இடமும் வலமும் துடித்தது. வாயோரம் எச்சில் வழிந்தது. ஒரு கை தானாக மேலே தூக்கிக்கொண்டது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. வலிப்பு வந்துவிட்டது, பிள்ளை கையை விட்டுப் போகிறாள் என்றே நினைத்தேன். நான் கத்தியதில் வேலையை நிறுத்திவிட்டு ஒருவர் என்னை வெளியே அழைத்துப் போனார். "இது இப்படித்தான் இருக்கும்மா" என்று வெளியே வந்த பிறகு சொன்னார்கள்.

நான் கையெழுத்துப் போட்ட தாளில் என்னென்னவோ அபாயங்கள் இருந்தன. நான் கண்ணால் பார்க்கப் போகும் காட்சி மட்டும் அதில் இல்லை.

---

வெள்ளைத்தொப்பி

செவிலியாக இருக்கிறேன். இரட்டையர் அம்மா சொன்னதை எல்லா அவசரப் பிரிவிலும் சுவரில் எழுதி ஒட்டலாம்.

கேட்டமின் மற்ற மயக்க மருந்துகள் மாதிரி கிடையாது. மூளைக்கும் உடம்புக்கும் இடையே உள்ள தொடர்பை அது சிறிது நேரம் துண்டித்துவிடுகிறது. பிள்ளை பெரும்பாலும் தானாகவே மூச்சு விடும், ஆனால் வலி எட்டாது, நடந்தது நினைவிலும் நிற்காது. கண் திறந்திருப்பது, கருவிழி துடிப்பது, எச்சில் ஊறுவது, கை கால் அசைவது எல்லாம் மருந்து வேலை செய்வதன் அடையாளம். எங்களுக்கு அது பழகிவிட்டது. பெற்றோர் அதை முதல்முறையாகப் பார்க்கிறார்கள்.

அதனால் மருந்து ஏற்றும் முன்னால் நான் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அவர்கள் எதிரே உட்கார்ந்துகொள்வேன். நின்றுகொண்டு சொன்னால் "இவங்க அடுத்த கட்டிலுக்குப் போகணும் போல" என்று அவர்கள் கேள்வியை விழுங்கிவிடுவார்கள். அப்புறம் அவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்பதை வரிசையாகச் சொல்வேன். கண் எப்படி இருக்கும், கை அசையலாம், மானிட்டர் நடுவில் சத்தம் போடலாம், நாங்கள் தாடையைத் தூக்கிப் பிடித்தாலோ முகமூடியில் ஆக்சிஜன் வைத்தாலோ அது ஏன் என்று. தெளியும்போது காரணமில்லாமல் அழலாம், உளறலாம், வாந்தி எடுக்கலாம், உங்களையே அடையாளம் தெரியாத மாதிரி பார்க்கலாம், அது நீடிக்காது, தெளிந்துவிடும் என்று. இதற்கு 3 நிமிடம் போதும்.

கூடவே இருக்க விருப்பமா, வெளியே இருக்க விருப்பமா என்றும் கேட்பேன். பார்க்க முடியாது என்று வெளியே நிற்கும் அப்பாவை யாரும் குறைவாக நினைக்கக் கூடாது.

---

மயக்கவியல்காரன்

மயக்கவியல் துறையில் இருக்கிறேன். காட்சியைச் சொல்வது நல்லதுதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால் அபாயத்தை இனிப்புத் தடவிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். எண்களையும் சொல்ல வேண்டும்.

கேட்டமினைப் பொறுத்தவரை நல்ல தரவு இருக்கிறது. 2009இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 8,282 குழந்தைகளின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்தது. வாந்தி 8.4 சதவீதம். தெளியும்போது கலக்கம் 7.6 சதவீதம், அதில் பொருட்படுத்த வேண்டிய அளவு கலக்கம் 1.4 சதவீதம்தான். குரல்வளை இறுகி மூச்சு தடைபடுவது 0.3 சதவீதம். 2017இல் கனடாவின் 6 குழந்தைகள் அவசரப் பிரிவுகளிலிருந்து 6,295 பேரின் தரவு வந்தது. அதில் கடுமையான பாதகம் ஏற்பட்டது 1.1 சதவீதம். கேட்டமினை மட்டும் தனியாகக் கொடுத்தவர்களுக்கு அது 0.4 சதவீதம்தான். வேறு மருந்துகளோடு கலந்து கொடுத்தபோது கூடியது. ஆக, எந்த மருந்து என்பதும் பெற்றோருக்குத் தெரிய வேண்டிய விஷயம்தான். "மயக்க ஊசி" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது போதாது.

இன்னொன்று. இறப்பு என்ற சொல்லை வாயில் எடுக்கவே பலர் தயங்குகிறார்கள். நான் எடுப்பேன். மிக மிக அரிது, அதைத் தடுக்கத்தான் இத்தனை கருவியும் ஆளும், என்று சேர்த்தே சொல்வேன்.

---

பள்ளிவேன்

ஒரு அப்பாவாகச் சொல்கிறேன், டாக்டர் கோபித்துக்கொள்ள வேண்டாம். 0.3 சதவீதம், 1.4 சதவீதம் என்று அந்த நேரத்தில் என்னிடம் சொன்னால் தலையாட்டுவேன், அவ்வளவுதான். எது பெரியது எது சின்னது என்றே மண்டையில் ஏறாது. என் பையனுக்கு நெற்றியில் தையல் போட்ட அன்று என் மனதில் இருந்த கேள்வி ஒன்றே ஒன்று: ஏதாவது ஆனால் இவர்கள் என்ன செய்வார்கள், அதற்கான ஆள் இங்கே இருக்கிறாரா?

---

மயக்கவியல்காரன்

கோபம் என்ன, சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். சதவீதமாகச் சொன்னது இங்கே எழுதுவதற்காக. பெற்றோரிடம் ஆட்கணக்கில் சொல்ல வேண்டும், எல்லாவற்றுக்கும் ஒரே அடி எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும். "இந்த மருந்து கொடுக்கும் 1,000 பிள்ளைகளில் சுமார் 84 பேர் வாந்தி எடுப்பார்கள். சுமார் 14 பேர் தெளியும்போது நாம் ஏதாவது செய்ய வேண்டிய அளவுக்குக் கலங்குவார்கள். 3 பேருக்குக் குரல்வளை இறுகும்." 12இல் ஒன்று, 300இல் ஒன்று என்று அடி எண்ணை மாற்றி மாற்றிச் சொன்னால்தான் குழப்பம்.

அந்த 3 பேருக்கு என்ன செய்வோம் என்பதுதான் உங்கள் கேள்விக்கு விடை. தாடையை முன்னே தள்ளிப் பிடித்து, முகமூடியும் பையும் வைத்து அழுத்தத்தோடு ஆக்சிஜன் கொடுப்போம். பெரும்பாலும் அதிலேயே இறுக்கம் விட்டுவிடும். விடாவிட்டால் தசையைத் தளர்த்தும் மருந்து, தேவைப்பட்டால் மூச்சுக்குழாயில் குழாய். தையல் போடுகிறவர் தையலைப் பார்ப்பார். மூச்சை மட்டுமே பார்க்க இன்னொருவர் இருக்க வேண்டும். "என் பிள்ளையின் மூச்சைப் பார்த்துக்கொள்ளப் போவது யார்?" என்று எந்தப் பெற்றோரும் தயங்காமல் கேட்கலாம். கேட்டதும் ஒரு ஆளைக் கைகாட்ட வேண்டும்.

---

இரவுப்பணி

அந்தக் கேள்வியைப் பெற்றோர் கேட்கும்வரை காத்திருக்காமல் நாமே சொல்லிவிட வேண்டும். "இவர்தான் மூச்சைப் பார்க்கிறவர், வேறு எந்த வேலையும் இவருக்கு இப்போது இல்லை" என்று ஆளை அறிமுகப்படுத்தி வைப்பது ஒரு நிமிட வேலை.

---

நெடுஞ்சாலை

நானும் அவசரப் பிரிவு மருத்துவர்தான். மாற்றுக் கருத்து ஒன்று. கூட்டம் நிரம்பி வழியும் நேரத்தில், ஒவ்வொரு குடும்பத்தோடும் இத்தனை பேச முடியுமா? அதுவும் போக, விவரம் கூடக் கூடப் பயமும் கூடுகிறது. இறப்பு என்ற சொல்லைக் கேட்டதும் "வேண்டாம், அப்படியே தைச்சிடுங்க" என்று சொன்ன பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு நாலு பேர் கைகாலை அமுக்கிப் பிடித்துத் தையல் போட வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைக்கு நல்லது நடந்ததா? சுருக்கமாகச் சொல்லி, நம்பிக்கை கொடுத்து, வேலையை முடிப்பதுதான் பிள்ளைக்கு நல்லது என்பது என் எண்ணம்.

---

மௌனமொழி

நெடுஞ்சாலை டாக்டர் சொன்ன "அமுக்கிப் பிடிப்பது" பற்றி நான் பேச வேண்டும். என் மகன் ஆட்டிசம் உள்ளவன், பேச மாட்டான். அவனுக்குச் சின்ன வயதில் உதட்டுக்குள் கிழிந்ததைத் தைக்க அப்படித்தான் பிடித்தார்கள். அதற்குப் பிறகு வெகுகாலம் வெள்ளை கோட்டு போட்ட யாரைப் பார்த்தாலும் தரையில் விழுந்து புரண்டான். பல் மருத்துவரிடம்கூட அழைத்துப் போக முடியவில்லை.

மயக்க மருந்தின் அபாயத்தை எங்களிடம் சொன்னார்கள். மயக்கம் இல்லாமல் செய்வதிலும் அபாயம் உண்டு என்பதை யாருமே சொல்லவில்லை. ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் எந்தப் பெற்றோரும் "வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெற்றோர்கள் மறுத்ததற்கு அதிக விவரம் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை, டாக்டர். பாதி விவரம்தான் காரணமாக இருந்திருக்கும்.

---

வெள்ளைத்தொப்பி

இதை வழிமொழிகிறேன். மயக்கம் கொடுக்கலாமா வேண்டாமா என்று மட்டும் கேட்டால் அது முழுக் கேள்வி ஆகாது. என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று விரித்து வைக்க வேண்டும். சின்ன, நேரான வெட்டு என்றால் தோல் பசையே போதும். பல காயங்களுக்கு ஜெல்லும் மரப்பு ஊசியும், மடியில் உட்காரவைத்துப் படம் காட்டுவதுமே போதும். சில இடங்களில் நரம்பை மட்டும் மரக்கவைக்கலாம். முகமூடியில் இழுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு, நிறுத்தினால் சில நிமிடங்களில் தெளிந்துவிடும், ஆனால் கடுமையான வலிக்கு அது மட்டும் போதாது. சில வேலைகளை ஆபரேஷன் தியேட்டரில் முழு மயக்கத்தில் செய்வது நல்லது. சிறு பிள்ளைகளுக்குக் கையைப் பிடித்து இழுத்ததில் முழங்கை எலும்பு நழுவிவிடும். அதற்கு மயக்கமே தேவையில்லை, பழகிய கை ஒரு திருப்பில் சரி செய்துவிடும்.

அப்புறம் இது இரண்டு சம்மதம். தையலுக்கு ஒன்று, மயக்கத்துக்கு ஒன்று. ஒரே தாளில் சேர்த்து வாங்குவதால்தான் "தையலுக்குத்தானே கையெழுத்துப் போட்டேன்" என்று பிறகு பெற்றோர் தவிக்கிறார்கள்.

---

இரவுப்பணி

நெடுஞ்சாலை, கூட்டம் பற்றிய உங்கள் கவலை எனக்கும் உண்டு. அதற்காகத்தான் பேச்சைப் பிரித்துக்கொள்ளச் சொல்கிறேன். எல்லாவற்றையும் மருத்துவர் ஒரே மூச்சில் சொல்லத் தேவையில்லை. மயக்கம் தேவைப்படலாம் என்று முதலில் பார்க்கும் செவிலியே வாசலில் சொல்லிவிடலாம். எக்ஸ்ரே அறைக்கு வெளியே காத்திருக்கும்போது படங்களோடு ஒரு அட்டையோ, செல்போனில் சின்ன வீடியோவோ கையில் இருக்கலாம். கேட்டமின் கொடுத்த பிள்ளை எப்படி இருக்கும் என்று அந்த வீடியோவில் காட்டினால் இன்னும் நல்லது. மருத்துவர் வரும்போது பெற்றோர் பாதி தயாராக இருப்பார்கள், கேள்விகள் மட்டுமே மிச்சம் இருக்கும். ஆனால் வீடியோவைப் போட்டுவிட்டு மருத்துவர் வராமலே இருந்துவிடக் கூடாது.

பயம் கூடுகிறது என்பதற்கு என் பதில்: பயம் ஏற்கனவே அங்கே இருக்கிறது. "பிள்ளை கண் விழிப்பாளா?" என்று கேட்க வாய் வராமல்தான் பல அம்மாக்கள் "ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்கிறார்கள். "ஒண்ணும் ஆகாது" என்று சொல்வது பொய். "ஆகாமல் இருக்க இதையெல்லாம் செய்கிறோம், அபூர்வமாக ஆனால் இதைச் செய்வோம்" என்பதே அவர்கள் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில்.

---

சட்டப்பார்வை

வழக்கறிஞர். சுருக்கமாக.

கையெழுத்திட்ட தாள், பேச்சு நடந்தது என்பதற்கு ஒரு சான்று. பேச்சே நடக்கவில்லை என்றால் அந்தத் தாள் மருத்துவமனைக்கும் பெரிய பாதுகாப்பு தராது. 2015இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் மாண்ட்கோமரி வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது: எதைச் சொல்ல வேண்டும் என்பதை, மருத்துவர்கள் வழக்கமாக எவ்வளவு சொல்கிறார்கள் என்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. நோயாளியின் இடத்தில் உள்ள ஒருவருக்கு எது முக்கியமாகப் படும் என்பதுதான் அளவுகோல். வேறு வழிகள் என்னென்ன என்பதும் அதில் அடங்கும். குழந்தை என்றால் அந்த இடத்தில் பெற்றோர்.

நடைமுறைக்கு ஒரு யோசனை. பெற்றோர் என்ன கேட்டார், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பதை நோயாளிக் குறிப்பில் இரண்டு வரி எழுதுங்கள். நான்கு பக்க அச்சுப் படிவத்தைவிட அந்த இரண்டு வரிக்கு மதிப்பு அதிகம்.

தாத்தா பாட்டியோ, பள்ளி ஆசிரியரோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் அவர்கள் கையெழுத்துச் செல்லுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். பெற்றோரைப் போனில் பிடிப்பதே நல்லது. இரண்டு ஊழியர்கள் கேட்கும்படி பேசி, யார் பேசியது, எத்தனை மணிக்கு என்று குறித்து வைக்க வேண்டும். பெற்றோர் கிடைக்கவில்லை, தாமதித்தால் பிள்ளைக்குக் கெடுதல் என்றால் மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கலாம். தாமதித்தால் கெடுதல் இல்லை என்றால் காத்திருக்க வேண்டும்.

---

இருமொழி

மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். குடும்பத்துக்கு மருத்துவரின் மொழி தெரியாத இடங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பெரும்பாலும் வீட்டின் மூத்த பிள்ளைதான் நடுவில் நின்று மொழிபெயர்க்கும். தம்பிக்கு அடிபட்டு அழுகிறான், அக்கா அபாயங்களை அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். மருத்துவர் நாலு வாக்கியம் பேசுவார், அந்தப் பெண் "ஊசி போட்டுத் தைப்பாங்களாம்மா" என்று ஒரு வாக்கியம் சொல்வாள். அம்மா தலையாட்டுவார், மருத்துவர் "புரிந்துவிட்டது" என்று எழுதிக்கொள்வார். பன்னிரண்டு வயதுப் பெண்ணின் தலையில் அந்தப் பாரத்தை ஏற்றக் கூடாது. போன் வழியாகவாவது பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்க வேண்டும்.

"புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் "புரிந்தது" என்றுதான் சொல்வார்கள். நான் வேலை செய்யும் ஒரு மருத்துவர் இப்படிக் கேட்பார்: "நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்குப் போன் போட்டு இதைச் சொல்வீர்கள் இல்லையா, என்ன சொல்வீர்கள்?" எப்படியும் அந்த போன் போகத்தான் போகிறது. அதில் அவர்கள் சொல்வதைக் கேட்டால் எது விட்டுப்போனது என்று உடனே தெரிந்துவிடும்.

---

பள்ளிவேன்

நல்ல கேள்வி இது. என் மனைவி ஊரில் இல்லாத நேரத்தில்தான் எங்களுக்கு நடந்தது. அவளுக்குப் போனில் என்ன சொல்வது என்று தெரியாமல் "தைக்கிறாங்க, ஒண்ணுமில்லை" என்று சொல்லி வைத்தேன்.

இன்னொரு சந்தேகம். பையன் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தான். அதைச் சொன்னால் பல மணி நேரம் காக்க வைத்துவிடுவார்களோ என்று சொல்லத் தயங்கினேன். மறைப்பது தப்பு என்று தெரிந்ததால் சொல்லிவிட்டேன். உடனே செய்தார்கள். அது சரியா?

---

மயக்கவியல்காரன்

சொன்னது மிகவும் சரி. நாள் குறித்துச் செய்யும் அறுவைக்கு வெறும் வயிறு விதி உண்டு: தெளிந்த நீராகாரத்துக்கு 2 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, லேசான உணவுக்கு 6. அவசரப் பிரிவில் அதை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. அமெரிக்க அவசர மருத்துவர்கள் கல்லூரி 2014இலேயே, சாப்பிட்ட நேரத்தை மட்டும் காரணமாக வைத்து அவசரப் பிரிவு மயக்கத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நான் முன்பு சொன்ன கனடா ஆய்வில் சாப்பாட்டு விவரம் தெரிந்த பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் திட உணவுக்கான விதியைப் பூர்த்தி செய்யாதவர்கள். நுரையீரலுக்குள் உணவு போனது ஒருவருக்கும் பதிவாகவில்லை. அதனால் அலட்சியம் காட்டலாம் என்று அர்த்தமில்லை. எவ்வளவு அவசரம், எவ்வளவு ஆழமான மயக்கம், பிள்ளைக்கு வேறு என்ன நோய் என்று எடைபோட்டுத்தான் முடிவு செய்கிறோம். அந்த எடைபோடுதலையும் பெற்றோரிடம் சொல்லிவிடலாம்.

பெற்றோர் சாப்பாட்டைச் சொல்வார்கள். கேட்டால் தவிரச் சொல்லாதவை வேறு: பிள்ளைக்கு இப்போது சளி இருமல் இருக்கிறதா, தூக்கத்தில் பலமாகக் குறட்டை விடுகிறதா, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா, குறைமாதத்தில் பிறந்ததா, வீட்டில் யாருக்காவது மயக்க மருந்தால் சிக்கல் வந்ததா. சளி இருந்தால் குரல்வளை இறுகும் வாய்ப்பு கூடும். சம்மதம் கேட்கும் பேச்சில் பெற்றோர் சொல்ல வேண்டிய பாதியும் இருக்கிறது. 3 மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குக் கேட்டமினைத் தவிர்க்க வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

---

இரட்டையர் அம்மா

டாக்டர், மயக்க மருந்து பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்று எங்கோ படித்தேன். அதற்குப் பிறகு இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

---

மயக்கவியல்காரன்

அம்மா, நீங்கள் படித்தது 2016 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விடுத்த எச்சரிக்கையை வைத்து எழுதியதாக இருக்கலாம். அது 3 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் நீளும் மயக்கத்தைப் பற்றியும், திரும்பத் திரும்பக் கொடுப்பதைப் பற்றியும் சொன்னது. எலும்பை நேராக்கக் கொடுக்கும் கேட்டமினின் ஆழ்ந்த மயக்கம், ரத்தக்குழாய் வழியாகக் கொடுத்தால் 10, 15 நிமிடம்தான். கைக்குழந்தைகளை வைத்து 7 நாடுகளில் ஒரு பெரிய ஆய்வும் நடந்தது. மயக்க வாயு ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக ஒரே ஒரு முறை கொடுக்கப்பட்ட குழந்தைகளை, விழித்த நிலையில் மரப்பு ஊசி மட்டும் போட்டுக்கொண்டவர்களோடு ஒப்பிட்டார்கள். 5 வயதில் சோதித்தபோது அறிவு வளர்ச்சியில் வேறுபாடு இல்லை. அதில் கொடுத்தது வேறு மருந்து என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளுக்கு நடந்ததை வைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

---

இரட்டையர் அம்மா

நன்றி டாக்டர். இதை அங்கேயே யாராவது சொல்லியிருந்தால் இத்தனை நாள் மனதில் போட்டு உழன்றிருக்க மாட்டேன்.

---

மௌனமொழி

பிள்ளையின் சம்மதம் பற்றியும் ஒரு வார்த்தை. 7 வயதுக்கு மேல் பிள்ளையிடமும் விளக்கி அதன் இசைவைக் கேட்க வேண்டும் என்று குழந்தை மருத்துவர்களே சொல்கிறார்கள். என் மகனைப் போன்ற பேசாத பிள்ளைக்கும் அது பொருந்தும் என்றுதான் நான் சொல்வேன். படத்தைக் காட்டினால் அவனுக்குப் புரியும்.

ஆனால் மறுக்க முடியாத இடத்தில் "ஊசி போட்டுக்கலாமா?" என்று கேட்காதீர்கள். அவன் "வேண்டாம்" என்று காட்டிய பிறகும் போட்டால், அடுத்த முறை அவன் யாரையும் நம்ப மாட்டான். உண்மையில் அவனிடம் விடக்கூடிய தேர்வுகளைக் கொடுங்கள்: எந்தக் கையில், அம்மா மடியிலா கட்டிலிலா, எந்தப் பாட்டைப் போடட்டும். இன்னொரு மருத்துவமனையில் ஒரு செவிலி ஆக்சிஜன் முகமூடியை அவன் கையிலேயே கொடுத்து, என் முகத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். அவன் என் முகத்தில் வைத்தான், பிறகு தானாகவே தன் முகத்தில் வைத்துக்கொண்டான். கைகாலை யாரும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

---

நெடுஞ்சாலை

படித்துக்கொண்டே வருகிறேன். மயக்கம் இல்லாமல் செய்வதன் அபாயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்ற மௌனமொழியின் வாதத்தை ஏற்கிறேன். எல்லாம் கேட்ட பிறகும் பெற்றோர் மறுத்தால் என்ன செய்வது என்பதுதான் என் மிச்சக் கேள்வி.

---

இரவுப்பணி

ஏன் என்று கேட்பேன். பெரும்பாலும் பின்னால் ஒரு கதை இருக்கும். சொந்தத்தில் யாரோ ஆபரேஷன் மேசையில் இறந்திருப்பார்கள், அல்லது பிள்ளையின் அப்பா வரும்வரை முடிவெடுக்க அம்மாவுக்குத் தைரியம் இருக்காது. இரண்டாவது என்றால் ரத்த ஓட்டம் சரியாக இருக்கும் எலும்பு முறிவுக்குச் சிம்பு வைத்து, வலியைத் தணித்து, அவர் வரும்வரை காத்திருக்கலாம். இரண்டாவது மருத்துவர் ஒருவர் வந்து பேசலாம். வேறு வழியில் செய்ய முடிந்தால் அப்படிச் செய்யலாம். உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் நிலைமை வேறு, அப்போது நம் கடமை பிள்ளைக்கு.

கையெழுத்துப் போட்ட பிறகும், மருந்து ஏறும்வரை மனம் மாறலாம் என்றும் நான் சொல்வதுண்டு. அதைச் சொன்னதால் யாரும் மனம் மாறி நான் பார்த்ததில்லை, தோள்கள் தளர்வதைத்தான் பார்த்திருக்கிறேன்.

இதுவரை வந்ததை வைத்து எங்கள் பிரிவுக்காக ஒரு வரைவு எழுதிப் பார்த்தேன். மருத்துவர் வாயால் சொல்வதற்கு:

"வலிக்கு மருந்து கொடுத்துவிட்டோம், இப்போது கொஞ்சம் நேரம் இருக்கிறது, உட்கார்ந்து பேசலாம். எலும்பை நேராக்கும்போது கடுமையாக வலிக்கும், அதனால் கேட்டமின் என்ற மருந்தை ரத்தக்குழாயில் கொடுக்கலாம் என்பது என் யோசனை. வேறு வழிகளும் இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன். மருந்து ஒரு நிமிடத்தில் வேலை செய்யும், 10, 15 நிமிடம் நிற்கும், நன்றாகத் தெளிய ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அவள் கண் திறந்தே இருக்கும், உங்களைப் பார்க்கிற மாதிரி இருக்கும், ஆனால் பார்க்க மாட்டாள். 1,000 பிள்ளைகளில் சுமார் 84 பேர் வாந்தி எடுப்பார்கள், 3 பேருக்குக் குரல்வளை இறுகும். அப்படி ஆனால் மூச்சுக்கு உதவ இவர் இங்கேயே நிற்கிறார். உயிருக்கு ஆபத்து என்பது மிக மிக அரிது. மருந்து போதாமல் போனால் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டி வரலாம். இப்போது நீங்கள் சொல்லுங்கள், எதை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள்?"

திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

---

வெள்ளைத்தொப்பி

வாந்தியைச் சொல்லும்போது, அதைக் குறைக்க ஆன்டான்செட்ரான் கொடுக்க முடியும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

வீட்டுக்குப் போன பிறகு என்ன என்பதும் இதிலேயே வர வேண்டும் டாக்டர். டிஸ்சார்ஜ் சமயத்தில் சொன்னால் அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்பார்கள். காரில் போகும்போது பின்னிருக்கையில் பிள்ளை பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார வேண்டும். தூங்கிவிட்டால் தலை முன்னால் சாய்ந்து தாடை நெஞ்சில் முட்டி மூச்சு தடைபடலாம், அதை நிமிர்த்திப் பிடிக்க ஆள் தேவை. ஓட்டுகிறவரால் அது முடியாது. தனியாக வந்திருக்கும் அம்மாவிடம் இதை முன்கூட்டியே சொன்னால்தான் அவர் போன் போட்டு யாரையாவது வரவழைப்பார். நடை அன்று முழுவதும் தள்ளாடலாம், அதனால் படிக்கட்டு, சைக்கிள், ஊஞ்சல் எல்லாம் மறுநாள் வரை வேண்டாம். முதலில் தண்ணீர், அது தங்கினால் சாப்பாடு. எழுப்பினால் எழவில்லை, மூச்சில் சத்தம், உதடு நீலம், வாந்தி நிற்கவில்லை என்றால் உடனே திரும்பி வர வேண்டும்.

---

இரவுப்பணி

இரண்டையும் சேர்த்துக்கொள்கிறேன் சிஸ்டர். காரில் உடன்வர ஆள் இருக்கிறாரா என்பதை வாசலில் முதலில் பார்க்கும் செவிலியின் கேள்விகளிலேயே வைத்துவிடலாம் என்று தோன்றுகிறது. இருமொழி, போன் கேள்வியை வரைவின் கடைசியில் வைக்கிறேன். படங்கள் போட்ட அட்டை தயாரானதும் இங்கே ஏற்றுகிறேன். இரட்டையர் அம்மாவும் பள்ளிவேனும் முதலில் பார்த்து, எது புரியவில்லை என்று சொல்லுங்கள்.

---

இரட்டையர் அம்மா

கண்டிப்பாகப் பார்க்கிறேன். கண் திறந்திருக்கும் படத்தை முதல் பக்கத்தில் போடுங்கள்.